"வயசாயிடுச்சு" என்பது நோயின் பெயர் அல்ல

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் பேசணும், என்ன தலைப்பு வேணா எடுத்துக்கோங்க" என்றார். அந்த "என்ன தலைப்பு வேணா"வை நம்பி, "வயதான நாய்களும் பூனைகளும்" என்று சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மெக்கானிக்கல்தானே?" என்று கேட்டார்.

மெக்கானிக்கல்தான். 2010-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனதிலிருந்து தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில்தான் வேலை. பராமரிப்புக்காரனுடைய வாழ்க்கை என்பது பழைய மெஷின்களோடு குடும்பம் நடத்துவது. அந்த அனுபவம் வீட்டில் ஒரு கிழ நாய்க்கும் ஒரு கிழப் பூனைக்கும் எப்படி உதவியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை. மருந்து சொல்ல மாட்டேன். எதைக் கவனிக்க வேண்டும், எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம்மில் பல பேர் வீட்டுக்கு நாய் எப்போது வந்தது? பிளஸ் டூ முடித்துப் பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகிறான், வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஒரு குட்டி வாங்கிப் போடுவோம் என்று வந்திருக்கும். அப்போது நமக்கு 18 வயது. பெரும்பாலான நாய்கள் பத்திலிருந்து பதிமூன்று, பதினான்கு வருஷம் இருக்கும். வீட்டுப் பூனை இன்னும் ஒன்றிரண்டு வருஷம் கூட. பதினெட்டோடு பன்னிரண்டைக் கூட்டினால் முப்பது. ஆக, அந்த ஜீவன் கிழடாகிற நேரம் சரியாக நம் முப்பதுகளில் வருகிறது. அந்த நேரம் நாம் எங்கே இருக்கிறோம்? பெங்களூரில், புனேயில், துபாயில், டெக்சாஸில். வீட்டில் அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. கிழ நாயைக் கவனிக்கிற பொறுப்பு அவர்கள் தலையில். இந்த அரங்கத்தில் இருக்கிற பாதிப் பேர் வீட்டுக் கதை இது என்று தைரியமாகச் சொல்வேன்.

நாயின் ஒரு வயது நமக்கு ஏழு வயது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். அது தோராயக் கணக்குக்குக்கூடச் சரிவராது. 2020-ல் சான்டியாகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 104 லாப்ரடார் நாய்களை எடுத்துக்கொண்டு, வயதாக ஆக டி.என்.ஏ. மேல் மாறுகிற வேதிக் குறிகளை மனிதர்களுடையவற்றோடு ஒப்பிட்டு ஒரு சமன்பாடு கொடுத்தார்கள். நாயின் வயதுக்கு இயல் மடக்கை எடுங்கள், பதினாறால் பெருக்குங்கள், முப்பத்தொன்றைக் கூட்டுங்கள். முதல் வருடக் கணிதத்துக்குப் பிறகு நமக்கு லாக் உபயோகப்பட்ட இடம் இதுதான்! ஒரு வயது நாய்க்கு 31 வருகிறது. நான்கு வயதுக்கு 53. பதிமூன்று வயதுக்கு 72. லாப்ரடாருக்குப் போட்ட கணக்கு, மற்ற இனங்களுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் சாராம்சம் பொருந்தும். அவை சீக்கிரமாக நடுவயதைத் தொட்டுவிடுகின்றன. ஒரே நல்ல விஷயம், 31 வயதாகியும் இன்னும் கல்யாணம் ஆகலையா என்று நாயை யாரும் கேட்பதில்லை.

அதற்காக எல்லா ஜீவனும் பதினைந்தோடு முடிந்துவிடும் என்றும் இல்லை. டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் க்ரீம் பஃப் என்ற பூனை 1967-ல் பிறந்து 2005 வரை, 38 வருஷம் 3 நாள் வாழ்ந்து கின்னஸில் இடம்பிடித்தது. ஆஸ்திரேலியாவில் ப்ளூயி என்ற ஆடு மாடு மேய்க்கிற நாய் 29 வருஷம் 5 மாதம் வாழ்ந்து 1939-ல் போய்ச் சேர்ந்தது. இவை அபூர்வம். நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

தொழிற்சாலையில் ஒரு பம்ப் நின்றுபோனால் பிரேக்டவுன் ரிப்போர்ட் எழுத வேண்டும். அதில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் "பம்ப் பழசு" என்று எழுதிக் கொடுத்தால் என் மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பி என் முகத்திலேயே வீசுவார். பேரிங் தேய்ந்ததா, சீல் கசிந்ததா, ஷாஃப்ட் நேர்கோட்டில் இல்லையா? அதைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துப் பம்ப் ஜம்மென்று ஓடுவதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் வீட்டில் நாய், பூனை விஷயத்தில் மட்டும் எல்லாரும் "காரணம்: வயசாயிடுச்சு" என்று எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். வயதான பிராணி செய்கிற வினோதமான காரியங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு குறிப்பான காரணம் இருக்கிறது. பல சமயம் அதைக் குணப்படுத்தலாம், இல்லையென்றால் குறைக்கவாவது செய்யலாம்.

எங்கள் வீட்டு நாய் பெயர் மணி. 2006-ல், நான் முதல் வருடம் சேர்ந்தபோது, பொமரேனியன் என்று சொல்லி வாங்கியது. வளர்ந்த பிறகு பார்த்தால் நம் ஊர் ஸ்பிட்ஸ். வெள்ளை வெளேரென்று ஒன்பது கிலோ. 2019-ல் அதற்கு 13 வயது. ஒரு நாள் ராத்திரி அம்மா போன் பண்ணினார்.

"ஏங்கண்ணு, மணி ராத்திரி பூரா ஹாலைச் சுத்திச் சுத்தி வருது. சமையல்கட்டுக் கதவுல, திறக்கிற பக்கம் நிக்காம கீல் இருக்கிற பக்கம் போயி நின்னுக்கிட்டு முழிக்குது. மூலையில போயி செவுத்தையே பாத்துட்டு நிக்குது."

பக்கத்து வீட்டு அக்கா, "வயசாயிருச்சுங்க, அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார். ஊரிலிருந்து வந்த ஒரு பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "நாய்க் கண்ணுக்குப் பேய் தெரியும், அதான் செவுத்தைப் பாக்குது" என்று தீர்ப்பே கொடுத்துவிட்டார். அம்மா அதற்கப்புறம் அந்த மூலையில் ராத்திரி விளக்கைப் போட்டு வைத்தார். வேடிக்கை என்னவென்றால், பேய்க்காகப் போட்ட அந்த விளக்கு நாய்க்கு நிஜமாகவே உதவியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மருத்துவர் மணியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் அம்மாவிடம் பத்து நிமிஷம் கேள்வி கேட்டார். வழி தடுமாறுகிறதா? வீட்டு ஆட்களோடு பழகுவது மாறியிருக்கிறதா? பகலில் தூங்கி ராத்திரி விழிக்கிறதா? பழக்கிய இடத்தை விட்டு வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதா? சுறுசுறுப்பு குறைந்ததா, அல்லது காரணமில்லாமல் அலைகிறதா? இந்த ஐந்தும் சேர்ந்தால் அது நாய்களுக்கு வருகிற மறதி நோயாக இருக்கலாம். மனிதர்களின் அல்சைமர் நோயில் மூளையில் படிகிற அதே அமிலாய்டு புரதம் கிழ நாய்களின் மூளையிலும் படிகிறது. 2001-ல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இந்த அறிகுறிகளில் ஒன்றாவது இருந்தது. இதற்கென்றே அமெரிக்காவில் 1998-ல் செலிஜிலின் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அது முதலில் மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்கு வந்த மருந்து.

ஆனால் எங்கள் டாக்டர் சொன்ன அடுத்த வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. "மறதிங்கறது கடைசியா சொல்ல வேண்டிய பேரு. அதுக்கு முன்னாடி வலி, கண்ணு, காது, சிறுநீர், இதயம் எல்லாத்தையும் பாத்து முடிச்சிரணும்." அப்படியே எங்கள் பிரிவு வேலை! பார்த்ததில் மணிக்கு இடுப்பிலும் பின்னங்கால் முட்டியிலும் தேய்மானம். படுத்தால் வலி, எழுந்தால் வலி, அதனால் ராத்திரி நடை. அதோடு கொஞ்சம் மறதியும் இருந்தது. வலிக்கு மருத்துவர் கொடுத்த மருந்தை ஆரம்பித்த ஒரு மாதத்தில், வாரத்துக்கு ஏழு ராத்திரி அலைந்தது இரண்டு ராத்திரியாகக் குறைந்தது. கணக்கு அம்மாவுடையது. மூலையில் நிற்பது முழுக்கப் போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லாரும் தூங்கினார்கள்.

மணிக்கு வராத, ஆனால் நண்பர்கள் வீட்டில் பார்த்த சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணில் நீலம் பூத்தாற்போல மங்கல். ஆறு, ஏழு வயதுக்கு மேல் நாய்க்கு லென்ஸின் நடுப்பகுதி இறுகி இப்படித் தெரியும். இது கண்புரை அல்ல, பார்வை பெரிதாகக் கெடாது. சுண்ணாம்பு போல வெள்ளையாக அடைத்தால் அது புரை. சர்க்கரை வியாதி உள்ள நாய்க்குப் புரை வேகமாக வரும். எது எது என்று மருத்துவர் விளக்கு அடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

குரல் மாறுவது. வயதான லாப்ரடார் போன்ற பெரிய நாய்களுக்குக் குரைப்பு கரகரத்துப்போய், மூச்சு விடும்போது ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் வந்தால், குரல்வளைத் தசைகள் செயலிழந்து மூச்சுப் பாதை சரியாகத் திறக்கவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பதே நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதால்தான். மூச்சுப் பாதை குறுகிய நாயை நம் ஊர் மே மாத வெயிலில் வாக்கிங் கூட்டிப்போனால் உயிரே போய்விடும்.

இருமல். சின்ன நாய்கள் வாத்து கத்துவது போல இருமினால் மூச்சுக்குழாய் தளர்ந்திருக்கலாம். ராத்திரியில் இருமினால் இதய வால்வு கசியலாம். வால்வு கசிந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

ஒரு நாள் காலையில் திடீரென்று தலை ஒரு பக்கம் சாய்ந்து, விழிகள் ஊசல் மாதிரி இங்கும் அங்கும் ஆடி, நாய் குடிகாரன் போலத் தள்ளாடும். வீடே பதறி, "பக்கவாதம், இனிமே பிழைக்காது, ஊசி போட்டு அனுப்பிரலாம்" என்று முடிவு கட்டிவிடும். கிழ நாய்களுக்குக் காரணம் தெரியாமலே உள்காதின் சமநிலை உறுப்பு கோளாறாகி இப்படி வருவதுண்டு. அதுவாக இருந்தால் பெரும்பாலும் சில நாளில் தெளிந்து, இரண்டு மூன்று வாரத்தில் நாய் பழையபடி ஓடும். காதில் சீழ், மூளையில் கோளாறு இவற்றாலும் வரலாம் என்பதால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆனால் அன்றைக்கே தீர்ப்பு எழுதக் கூடாது.

கடைசியாக, தாமதிக்கவே கூடாத இரண்டு. ஒன்று, நாயோ பூனையோ தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டே நிற்பது. மூளையிலோ கல்லீரலிலோ கோளாறு இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள். இரண்டாவது, கருத்தடை செய்யாத வயதான பெண் நாய், ஹீட் முடிந்து சில வாரத்தில் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துச் சோர்ந்து படுத்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். இங்கே ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து.

இனி பூனை. நாயாவது முகத்தைத் தூக்கிப் பார்த்து முனகும். பூனை அப்படி இல்லை. வேட்டையாடுகிற பிராணி என்றாலும், தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு அதுவும் இரைதான். அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002-ல் ஓர் ஆய்வு வெளியானது. 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம். அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரர்கள் வேறு ஏதோ காரணத்துக்காகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பூனை. 2008-ல் மழைக்கு ஒதுங்கி வந்து, மழை விட்டும் போகாமல் தங்கிவிட்டது. பன்னிரண்டு வயதில் திடீரென்று வாசல் கால்மிதியில் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. "பழி வாங்குது பாரு, நேத்து மீன் போடலைல்ல" என்று அப்பா சொன்னார். பூனைக்குப் பழி வாங்குகிற அளவுக்கு நம்மைப் பற்றி அக்கறை கிடையாது. சிறுநீர்ப் பாதையில் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தார், இல்லை. அதன் மண் டப்பாவை அளந்து பார்த்தேன். சுவர் இருபது சென்டிமீட்டர் உயரம். இடுப்பு வலிக்கிற பூனை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். ஒரு பக்கத்தை ஐந்து சென்டிமீட்டருக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தேன். அன்றோடு கால்மிதி பிழைத்தது. என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு மலிவாக முடிந்த வடிவமைப்பு மாற்றம் வேறு இல்லை.

பூனைக்கு மூட்டு வலி இருப்பதை இன்னும் எப்படித் தெரிந்துகொள்ளலாம்? முன்பு ஒரே தாவலில் ஏறிய பீரோ மேல் இப்போது நாற்காலி, மேஜை என்று தவணை முறையில் ஏறும். முதுகை வளைத்து நக்க முடியாமல் அங்கே முடி திரிதிரியாகச் சிக்கும். நகம் தடித்து, வளைந்து, பாதத்துக்குள்ளேயே குத்தும். இதெல்லாம் சோம்பேறித்தனம் இல்லை.

2021-ல் அம்மா இன்னொரு விஷயம் சொன்னார். "முந்தியெல்லாம் செவலை கிண்ணத்துக்கு ஒரு டம்ளர் ஊத்துனா சாயந்தரம் வரைக்கும் மிச்சம் இருக்கும். இப்ப ரெண்டரை டம்ளர் ஆவுது. பாத்ரூம் பக்கெட்லயும் நக்குது." அந்த டம்ளர் 150 மில்லி. அப்படியானால் 375. செவலை நாலு கிலோ. பூனை ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 மில்லிக்கு மேல் குடித்தால் அதிகம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கிற அளவு. நாய்க்கு 100 மில்லி. செவலையின் வரம்பு 200, குடித்தது 375. ரத்தம், சிறுநீர் சோதனையில் சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்திருப்பது தெரிந்தது. மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத் திறன் போன பிறகுதான் சிறுநீர் நீர்த்துப்போக ஆரம்பிக்கும், தாகம் கூடும். ரத்தச் சோதனையில் தெரிய அதைவிட நாளாகும். அதனால் தண்ணீர்க் கிண்ணம்தான் நமக்குக் கிடைக்கிற முதல் மீட்டர். உணவை மாற்றி, மூன்று இடத்தில் தண்ணீர் வைத்து, மருத்துவர் சொன்னபடி நடந்ததில் செவலை இன்னும் இரண்டு வருஷம் ஜன்னலில் உட்கார்ந்து காக்காயை மிரட்டிக்கொண்டிருந்தது.

சிறுநீரகம் கெட்ட பூனைக்கு ரத்த அழுத்தமும் ஏறும். திடீரென்று கண்மணி விரிந்து, சாமான்களில் முட்டிக்கொண்டால், அழுத்தத்தால் விழித்திரை கழன்றிருக்கலாம். பூனைக்கும் கையில் பட்டை கட்டி பி.பி. பார்க்க முடியும், மாத்திரையும் இருக்கிறது.

நன்றாகச் சாப்பிட்டும் எலும்பும் தோலுமாகப் போகிற, ராத்திரி மூன்று மணிக்கு ஊரைக் கூட்டுகிற கிழப் பூனையையும் பார்த்திருப்பீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது ஒரு காரணமாக இருக்கலாம், சர்க்கரை இன்னொரு காரணம். பூனைகளின் இந்தத் தைராய்டு நோயை நியூயார்க் மருத்துவர்கள் 1979-ல்தான் முதன்முதலாக விவரித்தார்கள். இன்று அது மேல்நாடுகளில் கிழப் பூனைகளுக்கு மிகச் சாதாரணமாகக் கண்டுபிடிக்கப்படுகிற நோய், மாத்திரையில் கட்டுப்படுகிறது. அதற்கு முன்னால் இப்படி இளைத்த பூனைக்கு என்ன பெயர் சொல்லியிருப்பார்கள்? "வயசாயிடுச்சு" என்றுதானே!

இங்கே ஒரு எச்சரிக்கை. பூனைக்குக் காய்ச்சல், வலி என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றுகிற என்சைம் பூனையிடம் போதுமான அளவு கிடையாது. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடும். நாய்க்கு இப்யூபுரூஃபனும் அப்படித்தான், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் மாத்திரை டப்பா நமக்கு மட்டும்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தொழிற்சாலையில் அதிர்வு, சூடு, ஆயில், சத்தம் என்று நாலைந்து அளவை ஒழுங்காகக் குறித்து வந்தால் மெஷின் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடும். வீட்டுக்கும் நாலு அளவு போதும்.

முதலாவது எடை. பிராணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை. நாலு கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பத்து சதவீதம். அறுபது கிலோ மனிதன் ஆறு கிலோ இளைத்த மாதிரி.

இரண்டாவது தண்ணீர். அளந்து ஊற்றி, மிச்சத்தை அளந்து கழியுங்கள். மாதம் இரண்டு நாள் போதும்.

மூன்றாவது மூச்சு. நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதயக் கோளாறு இப்படித்தான் முதலில் எட்டிப் பார்க்கும்.

நான்காவது வீடியோ. வினோதமாக எது செய்தாலும் செல்போனில் பிடித்து வையுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் ஏற்றியதும் எல்லாப் பிராணியும் நல்ல பிள்ளை ஆகிவிடும். நம் மெஷின்கள் சர்வீஸ் இன்ஜினியர் வந்ததும் ஒழுங்காக ஓடுவதில்லையா, அதுபோல.

ஏழெட்டு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சென்னையில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. மற்ற ஊர்களில் நாம் மாட்டாஸ்பத்திரி என்று சொல்கிற அரசு மருந்தகங்களும் இருக்கின்றன. பேரில்தான் மாடு, நாய் பூனையையும் பார்ப்பார்கள்.

வீட்டைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். டைல்ஸ், மொசைக் தரையில் கிழ நாய்க்குக் கால் வழுக்கும். பழைய கோணிப்பையோ ரப்பர் விரிப்போ நடைபாதையாகப் போடுங்கள். பார்வை குறைந்த பிறகு சோபாவை இடம் மாற்றாதீர்கள், அதன் மூளையில் பழைய வரைபடம்தான் இருக்கிறது. ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். அம்மா பேய்க்குப் போட்ட விளக்கு உதவியது இதனால்தான். காது கேட்காத நாயைத் தூக்கத்தில் சட்டென்று தொடாதீர்கள். தரையை மெல்லத் தட்டினால் அதிர்வில் எழுந்துகொள்ளும்.

இளைய நண்பர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டு நாய்க்கு இப்போது இரண்டு வயதாக இருக்கலாம். 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குத் தந்ததில் 25 சதவீதம் குறைத்து மற்றதற்குக் கொடுத்து, வாழ்நாள் முழுக்கப் பார்த்த ஓர் ஆய்வு 2002-ல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தாமதமாகவே வந்தது. இன்று நீங்கள் மேஜைக்கு அடியில் நீட்டுகிற பிஸ்கட்டின் பில் பத்து வருஷம் கழித்து வரும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத பகுதி. எல்லாம் செய்தும் ஒரு கட்டம் வரும். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஓர் அளவுகோல் வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். நல்ல நிலைக்கு அதிக மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம்.

2021-ல் மணிக்கு 15 வயது முடிந்தது. அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். அப்பா 44 போட்டார். அம்மா 29. ராத்திரி எழுந்து அதைத் திருப்பிப் படுக்க வைத்து, ஈரத்தைத் துடைத்தவர் அம்மா. காலையில் அது வாலாட்டும்போது பேப்பர் படித்தவர் அப்பா. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு ஷிஃப்டில் பார்த்திருக்கிறார்கள். அதனால் சமையல்கட்டுக் காலண்டரில் தினமும் ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு குறி போடுவது என்று முடிவானது. நல்ல நாள் என்றால் டிக், கெட்ட நாள் என்றால் பெருக்கல். மூன்று வாரத்தில் 21 நாள். பெருக்கல் 15. அப்பா அந்தக் காலண்டரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லிரு" என்றார். மணி தன் சாக்குமேல், அம்மா மடியில் தலை வைத்துப் போனது. வலியில்லாமல் போனது. எங்கள் வீட்டில் யாரும் அந்த முடிவைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. காலண்டர் இருந்தது.

நண்பர்களே, நாம் தூரத்தில் இருக்கிறோம். பணம் அனுப்புகிறோம், போன் பண்ணுகிறோம், "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்கிறோம். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "நாய் எப்படி இருக்கு, பூனை எவ்வளவு தண்ணி குடிக்குது?" அம்மா சொல்கிற பதிலை, ஏதோ வயதானவர்கள் பேச்சு என்று தள்ளாமல் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மணியின் ராத்திரி நடையையும், செவலையின் ரெண்டரை டம்ளரையும் முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, இந்த இன்ஜினியரும் இல்லை. சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்த ஒரு அம்மாதான். பல சமயம் அந்த நாயைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, "எனக்கும் முட்டி வலிக்குது கண்ணு" என்பதில் முடியும். அங்கேயும் "வயசாயிடுச்சும்மா" என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்.

சாம்பார் வாசனை மேடை வரைக்கும் வந்துவிட்டது. செயலாளரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.